சப்பாத்து தைத்தவர் மகன் ஜார்ஜ் பூல்



நம்மகிட்ட வசதி இல்லையே, பிள்ளை எங்கே முன்னுக்கு வரப்போகுது என்று சில பெற்றோர் மனம் தளர்ந்து சொல்வதுண்டு. அவர்களுக்காகவே ஜார்ஜ் பூல் என்னும் அறிஞரின் வாழ்க்கையை இங்கே சொல்கிறேன். கணிப்பொறிக்கும் கைத்தொலைபேசிக்கும் மூளையாக விளங்கும் செயலி, இவர் கண்ட கணிதத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது.

இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1815 நவம்பர் 2ஆம் நாள் பூல் பிறந்தார். தந்தை சப்பாத்து தைக்கும் தொழிலாளி. வருமானம் கொஞ்சம்தான். ஆனால் கணக்கிலும் தொலைநோக்கி செய்வதிலும் அவருக்குத் தீராத ஆசை. தமக்குத் தெரிந்த கணக்கை மகனுக்கு அவரே சொல்லிக் கொடுத்தார். லத்தீன் மொழி கற்க ஊர்ப் புத்தகக் கடைக்காரர் ஒருவர் உதவினார். கிரேக்கம், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளைப் பூல் தாமாகவே கற்றார்.

தந்தையின் தொழில் நொடித்துப்போனது. 16 வயதிலேயே குடும்பப் பாரம் தோளில் விழ, டான்காஸ்டரில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். 19 வயதில் லிங்கனில் சொந்தமாகப் பள்ளிக்கூடம் தொடங்கினார். பாடம் சொன்ன நேரம் போக, மீதி நேரத்தில் உயர்கணிதம் படித்தார். பல்கலைக்கழகத்தில் படிக்காத அவருக்கு 1844இல் ராயல் சொசைட்டி தங்கப் பதக்கம் அளித்தது. 1849இல் அயர்லாந்தின் கார்க் நகரில், குயின்ஸ் கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியரானார்.

மனிதன் யோசிப்பதையும் கணக்காக எழுதலாம் என்று 1847இலும் 1854இலும் வெளியிட்ட நூல்களில் பூல் காட்டினார். அவர் கணக்கில் ஆம் என்பது 1, இல்லை என்பது 0. நம் தோட்டத்தையே பாருங்கள். மழை இல்லாமல் இருக்கணும், மரப்பட்டையும் காய்ஞ்சிருக்கணும். இரண்டும் சரியாக இருந்தால்தான் பால்வெட்டு. 1ஐ 1ஆல் பெருக்கினால் 1. ஒன்று தவறினாலும் வெட்டு இல்லை. எதை 0ஆல் பெருக்கினாலும் 0தானே!

1855இல் மேரி எவரெஸ்ட்டை மணந்தார். இந்திய நில அளவைத் தலைவராக இருந்தவரும், எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் தந்தவருமான ஜார்ஜ் எவரெஸ்ட்டின் உறவுப் பெண் இவர். தம்பதியருக்கு ஐந்து பெண் பிள்ளைகள்.

1864 நவம்பரில் ஒருநாள் கொட்டுகிற மழை. வகுப்பு தவறக்கூடாது என்று சுமார் 3 மைல் நடந்துபோய், நனைந்த உடையோடு பாடம் நடத்தினார். காய்ச்சல் கண்டது. டிசம்பர் 8ஆம் நாள், 49 வயதில் காலமானார். கடைசிப் பெண் அப்போது கைக்குழந்தை.

அவர் மறைந்து 73 ஆண்டுகள் கழித்து, 1937இல் அமெரிக்க மாணவர் கிளாட் ஷானன் அந்தக் கணக்கை மின்சார சுவிட்சுகளுக்குப் பொருத்திக் காட்டினார். சுவிட்சு போட்டால் 1, அடைத்தால் 0. ஒரே கம்பியில் அடுத்தடுத்து இரண்டு சுவிட்சு இருந்தால், இரண்டையும் போட்டால்தான் விளக்கு எரியும். நகத்தளவு சில்லுக்குள் இப்படிக் கோடிக்கணக்கான சுவிட்சுகளை அடக்கியதுதான் இன்றைய செயலி. செயலிகளின் அமைப்பு பலவிதம். கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசும் கருவிகளும் பலவிதம். எல்லாவற்றுக்கும் அடிப்படை பூலின் 0, 1தான்.

கணிப்பொறியைக் காணாமலே பூல் கண்மூடினார். அவருடைய தந்தையிடம் பணம் இல்லை. ஆனால் பிள்ளையோடு உட்கார நேரம் இருந்தது. வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோர்களே, தினம் அரை மணி நேரம் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். மற்றதைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.