சாப்பாட்டு மேசையில் ஓடிய ரயில்

நம் பிள்ளைகள் சிலர் விடுமுறையில் பொது அறையில் ஒரு மாதிரி ரயில் பாதை போடப் போவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கென்று உள்ள கணினி மென்பொருளில் தண்டவாளத்தை அழகாக வரைந்துவிட்டார்கள். வயரிங் எப்படி என்பதில் வேலை நிற்கிறது. பெரியவர்களில் சிலருக்கோ, கரண்ட் சமாச்சாரம் என்றதுமே தயக்கம். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் குவாலியர் மகாராஜா மாதவராவ் சிந்தியா. என்.ஐ.டி. இருக்கும் திருவேட்டக்குடியில் ஒரு பி.காம். ஆசாமி மின்சாரம் பேசுவது கொஞ்சம் அதிகம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதவராவ் பிறந்தது 1876 அக்டோபர் 20. தந்தை ஜயாஜிராவ் 1886இல் காலமானபோது பையனுக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. பட்டம் கிடைத்தது, அதிகாரம் கிடைக்கவில்லை. ஒரு நிர்வாகக் குழுதான் ராஜ்யத்தைப் பார்த்துக்கொண்டது. 1894இல்தான் முழுப் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது.

அவருக்கு ரயில் மேல் தீராத ஆசை. மற்ற ராஜாக்களைப் போல ஆசையோடு நிற்கவில்லை. அரண்மனை வட்டாரத்தில் சிறு பாதையாகத் தொடங்கியதை ராஜ்யம் முழுவதற்கும் நீட்டினார். இரண்டடி அகலக் குறுகிய பாதை அது. 1899இல் பிண்ட், சிவபுரி ஊர்களுக்கு ரயில் ஓடியது. 1909இல் ஷியோபூர் வரை போய்ச் சேர்ந்தது. குவாலியரிலிருந்து அந்த ஒரு கிளை மட்டுமே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அதே காலத்தில்தான், 1898இல், நம் பக்கத்தில் பேரளம் – காரைக்கால் மீட்டர் பாதை வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். நம்முடையது மொத்தமே இருபத்து மூன்று, இருபத்து நான்கு கிலோமீட்டர்தான்.

இனி மேசை ரயில். குவாலியர் ஜெய் விலாஸ் அரண்மனையின் விருந்து மேசை மீது தண்டவாளம் போட்டு, வெள்ளியில் செய்த சிறு ரயில் ஒன்றை மின்சாரத்தில் ஓட விட்டார்கள். இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டனில் இருந்த பாசெட்-லோக் என்ற மாதிரி ரயில் நிறுவனத்தின் வேலை அது. எஞ்சினுக்குப் பின்னால் ஏழு பெட்டிகள். சிந்தியா என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் ஏழு எழுத்து, பெட்டிக்கு ஒன்று. பெட்டிகளில் மதுக் குடுவைகளும் சுருட்டும் விருந்தினர் முன்னால் வரும். ஒருவர் குடுவையை எடுத்தால் ரயில் நின்றுவிடும். ஊற்றிக்கொண்டு திரும்ப வைத்தால் நகரும்.

ஆடம்பரம் என்று முகம் சுளிக்கலாம், நானும் சுளித்திருக்கிறேன். ஆனால் அந்த நிற்கும் வேலையைக் கவனியுங்கள். அதைச் செய்ய எளிய வழி இதுதான்: குடுவையின் எடை ஒரு ஸ்பிரிங் சுவிட்சை அழுத்திக்கொண்டிருக்கும், மோட்டாருக்குப் போகும் கரண்ட் அந்தச் சுவிட்ச் வழியாகத்தான் போக வேண்டும். எடை நீங்கினால் சுற்று அறுந்துவிடும். ஏழு பெட்டிக்கும் ஏழு சுவிட்ச், எல்லாம் ஒரே வரிசையில். திருவிழாவில் பழைய சீரியல் செட்டில் ஒரு பல்ப் போனால் சரம் முழுவதும் அணையுமே, அதே கணக்கு. இதில் ஒரு நல்ல குணம் உண்டு. எங்கே கம்பி விட்டுப்போனாலும், எந்த இணைப்பு தளர்ந்தாலும், ரயில் நிற்குமே தவிர ஓடாது.

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் உண்டு. டொமினிக் லாப்பியர், லாரி காலின்ஸ் இருவரும் சேர்ந்து எழுதி 1975இல் வந்த 'ஃப்ரீடம் அட் மிட்நைட்' நூலில் அது இருக்கிறது. வைஸ்ராய்க்கு விருந்து நடக்கும்போது கட்டுப்பாட்டுப் பலகையில் ஷார்ட் சர்க்யூட் ஆகி, ரயில் தலைதெறிக்க ஓடி, குழம்பையும் கறியையும் விருந்தினர் மேல் வாரி இறைத்ததாம். நடந்ததோ இல்லையோ, கதை நம் பிள்ளைகளுக்குப் பயன்படும். இரண்டு தண்டவாளமும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆனால் ரயில் வேகமெடுக்காது. ஃபியூஸ் போகும், ரயில் நிற்கும். வேகத்தைக் குறைக்க வைத்திருக்கும் மின்தடையின் குறுக்கே ஷார்ட் ஆனால்தான் முழு வோல்டேஜும் மோட்டாருக்குப் போய் ரயில் பறக்கும். ஆகவே கதை உண்மையானால், கோளாறு மேசையில் இல்லை, பலகையில்தான். வேகக் குமிழை நம்பாமல், கரண்ட்டை அடியோடு அறுக்க ஒரு தனிச் சுவிட்ச் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருந்தால் வைஸ்ராயின் சட்டை தப்பியிருக்கும்.

நம் பிள்ளைகள் வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியது அந்தச் சுவிட்சைத்தான் என்பது என் அபிப்பிராயம். அடாப்டருக்கும் குமிழுக்கும் நடுவில் அதுவும் ஒரு ஃபியூஸும். ரயிலுக்கு வருவது 12 வோல்ட் மட்டுமே, சுவரின் 230 வோல்ட் அடாப்டரோடு நின்றுவிடும் என்பதைத் தயங்கும் பெற்றோர் கவனிக்கவும். அடுத்து, இரண்டு தண்டவாளத்துக்கும் இரண்டு நிறம் கொடுத்து வரையட்டும், இடது சிவப்பு, வலது கறுப்பு என்று. மேசையைச் சுற்றி வட்டமாகப் போகிற வரை சிவப்பு சிவப்போடுதான் சேரும். ஆனால் நம் பிள்ளைகள் ஒரு மூலையில் ரயில் திரும்பி வந்த வழியே போவதற்கு ஒரு வளையம் போட்டிருக்கிறார்கள். அங்கே சிவப்பு போய்க் கறுப்பில் முட்டும். காகிதத்தில் அது நிறத் தகராறு, மேசையில் அது ஷார்ட். வளையத்தின் இரு முனையிலும் தண்டவாள இணைப்புக்குப் பிளாஸ்டிக் துண்டு வைத்துப் பிரித்து, அந்தப் பகுதிக்குத் தனி வயரும் துருவம் மாற்றும் சுவிட்சும் கொடுக்க வேண்டும். ஆணி அடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட திரையில் கண்டுபிடிப்பது மலிவு.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. மகாராஜாவின் ரயிலில் இருந்த வெள்ளியைவிட நன்றாகக் கரண்ட் கடத்தும் உலோகம் கிடையாது. கடைகளில் 'நிக்கல் சில்வர்' என்று விற்கும் மாதிரித் தண்டவாளத்தில் வெள்ளி ஒரு பொட்டும் இல்லை, செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். நம் உப்புக் காற்றில் இணைப்புகள் சீக்கிரம் கறுத்துவிடும். ஒரே இடத்தில் கரண்ட் கொடுத்துவிட்டு மீதியை இணைப்புகளை நம்பி விட்டால் எதிர்ப்பக்கத்தில் ரயில் தள்ளாடும். சில அடிக்கு ஒரு வயர் கீழிருந்து பற்றவைத்துவிட வேண்டும். அந்த இடங்களையும் இப்போதே படத்தில் குறித்துவிடலாம்.

மாதவராவை வெறும் பொம்மை ரயில்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். 1900இல் சீனப் போருக்குத் தம் செலவில் மருத்துவக் கப்பல் அனுப்பி, தாமும் போனார். வங்கியில் காலம் கழித்த எனக்குப் பிடித்தது வேறொன்று. டாடா இரும்பாலைக்கு நடைமுறை மூலதனம் பற்றாமல் 4 லட்சம் பவுனுக்குக் கடன் பத்திரம் வெளியிட்டபோது, மொத்தத்தையும் அவர் ஒருவரே எடுத்துக்கொண்டார். பவுனுக்கு 15 ரூபாய் என்ற அன்றைய கணக்கில் 60 லட்சம். புகை கிளம்பாத ஆலைக்கு இந்தத் தொகையைக் கொடுக்க எந்த மேலாளரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

1914இல் உலகப் போர் வந்ததும் 'எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா' என்ற பயணிகள் கப்பலை வாங்கி, 'லாயல்டி' என்று பெயரிட்டு மருத்துவக் கப்பலாக்கினார். போருக்குப் பின் அது அவர் பெயர் தாங்கிய சிந்தியா கப்பல் கம்பெனிக்குப் போனது. 1919 ஏப்ரல் 5 அன்று பம்பாயிலிருந்து லண்டனுக்கு அது புறப்பட்டதைத்தான் இன்று தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம்.

1925 ஜூன் 5 அன்று பாரிஸில் மாதவராவ் காலமானார். வயது 48. மகன் ஜிவாஜிராவுக்கு அப்போது ஒன்பது வயதுகூட ஆகவில்லை, தந்தை பட்டத்துக்கு வந்த அதே பருவம்.

அவருடைய குறுகிய பாதையில் 2020 வரை ரயில் ஓடியது. பிறகு அகலப் பாதையாக மாற்றுவதற்காக அது நிறுத்தப்பட்டது. வெள்ளி ரயில் ஜெய் விலாஸ் அருங்காட்சியகத்தில், அதே நீண்ட மேசை மேல் இருக்கிறது. வடக்கே போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், முடிந்தால் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு.