சகோதரி சுப்பலட்சுமி

1886 ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த சுப்பலட்சுமி, பதினொரு வயதிலேயே கணவரை இழந்தார். கைம்மை எய்திய சிறுமியர் தலைமழிக்கப்பட்டு, வீட்டின் மூலையில் ஒடுக்கப்பட்ட காலம் அது. தந்தையார் சுப்பிரமணியனோ, ஊராரின் பழிச்சொல்லைப் பொருட்படுத்தாது மகளைப் படிக்க வைத்தார். 1911 இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற சுப்பலட்சுமி, சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரியாகத் திகழ்ந்தார்.

தமக்குக் கிட்டிய கல்வி, தம்மைப் போன்றோர்க்கும் கிட்ட வேண்டுமென அவர் விழைந்தார். எழும்பூரில் தம் இல்லத்திலேயே இளங்கைம்பெண்கள் சிலரைத் தங்கவைத்துக் கற்பித்தார். தாமும் இளமையில் கைம்மையுற்ற சித்தி வாலாம்பாள், அச்சிறுமியரைத் தாயாக இருந்து பேணினார்.

நாளடைவில், அவ்வில்லம் அரசின் துணையுடன் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுசுக்கு இடம்பெயர்ந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த அக்கட்டடம், ஒதுக்கப்பட்ட சிறுமியர் ஆசிரியர்களாக உருவாகும் உறைவிடமாயிற்று. தொடக்கத்தில் அந்தணப் பெண்களுக்கென அமைந்த அவர்தம் பணி, அருகிலிருந்த மீனவக் குப்பத்துக் குழந்தைகளுக்கான பள்ளியாகவும் விரிந்தது. வயது கடந்தமையால் கல்வி வாய்ப்பை இழந்த பெண்களுக்காக, 1927 இல் சாரதா வித்தியாலயம் தோன்றியது.

1969 இல் அவர் மறைந்தார். இரங்குதல் மட்டும் துயர் துடைக்காது. தங்க இடமும் கற்கக் கல்வியும் வாழத் தொழிலும் தருவதே உண்மையான அறம் என்பதை அவர்தம் வாழ்வு உணர்த்துகிறது.