விழக் கற்பித்த ஆசான்

ஜப்பான் நாட்டில், இன்றைய கோபே நகரின் ஒரு பகுதியாக விளங்கும் மிக்காகே என்னும் கடற்கரை ஊரில் 1860ஆம் ஆண்டு ஜிகோரோ கானோ பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்த அவரைத் தந்தையார் தோக்கியோ நகருக்கு அழைத்துச் சென்று கல்வி பயிற்றுவித்தார். கானோ படிப்பில் சிறந்து விளங்கினார். ஆயினும் உருவத்தில் சிறியவர், உடல் மெலிந்தவர். வலிமை மிக்க மாணவர் சிலர் அவரை ஓயாது துன்புறுத்தினர்.

எளியவரும் வலியவரை வெல்ல வழி காட்டும் ஜுஜுட்சு என்னும் மற்கலை உண்டென்று அவர் கேள்வியுற்றார். ஆனால், அதனைக் கற்பிப்பாரைக் காண்பது அரிதாயிருந்தது. சாமுராய் வீரர்களின் காலம் முடிந்து, மேலைநாட்டு முறைகளை மக்கள் விரும்பிய காலம் அது. பழைய ஆசான்கள் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுப் பிழைத்தனர். 1877ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கானோ, அத்தகைய வைத்தியர்களைத் தேடி அலைந்து, ஃபுக்குடா என்னும் ஆசானைக் கண்டடைந்தார்.

ஒருநாள் ஆசான் அவரைத் தூக்கி எறிந்தார். கையையும் காலையும் எவ்வாறு வைக்க வேண்டும் என்று கானோ வினவினார். விடைக்கு மாறாக ஆசான் அவரை மீண்டும் அழைத்து எறிந்தார். மீண்டும் கேட்டார், மீண்டும் விழுந்தார். செய்து செய்தே கற்க வேண்டும் என்பதே ஆசான் புகட்டிய பாடம். உடலெங்கும் காயம்பட்டும், களிம்பு பூசிக்கொண்டு அவர் பயிற்சியைத் தொடர்ந்தார்.

அங்கே தம்மினும் பருமனான மாணவர் ஒருவரிடம் கானோ தோற்றார். அதற்காக அவர் மனம் தளரவில்லை. நூலகம் சென்று மேலைநாட்டு மற்போர் நூல்களை ஆராய்ந்தார். எதிரியைத் தோளின் மேல் தூக்கி வீழ்த்தும் உத்தியைப் பழகி, அவரையே வென்றார்.

1879இல் ஃபுக்குடா மறைந்தார். அடுத்து வாய்த்த ஆசானும் 1881இல் மறைந்தார். இருமுறை வழிகாட்டியை இழந்த கானோ, வேறொரு பிரிவைச் சேர்ந்த ஆசானிடம் மீண்டும் மாணவராய் அமர்ந்தார்.

1882ஆம் ஆண்டு எய்ஷோஜி என்னும் கோயிலில், பன்னிரண்டு பாய்கள் விரித்த சிறு கூடத்தில், ஒன்பது மாணவர்களுடன் கோடோக்கான் பள்ளியை நிறுவினார். ஊறு விளைவிக்கும் உத்திகளைப் பயிற்சிப் போட்டியிலிருந்து விலக்கி, தம் கலைக்கு ஜூடோ என்று பெயரிட்டார். மென்மையின் நெறி என்பது அதன் பொருள். அங்குப் புதிதாய்ச் சேர்ந்தவர் முதலில் கற்க வேண்டியது எறிவதை அன்று, அடிபடாமல் விழுவதையே.

பழைய பள்ளிகளில் ஓர் ஓலைச் சான்றுக்கும் அடுத்த சான்றுக்கும் இடையே பல்லாண்டுகள் கழியும். தொடக்க மாணவர் ஊக்கம் இழப்பர். இதனை உணர்ந்த கானோ, பயிற்சியைப் பல படிகளாக வகுத்தார். கீழ்ப்படிகள் கியூ என்றும், மேற்படிகள் டான் என்றும் அழைக்கப்பட்டன. 1883இல் மாணவர் இருவர் முதல் டான் பெற்றனர். பின்னர் டான் பெற்றோர் கறுப்புப் பட்டை அணியும் வழக்கம் உருவாயிற்று. இடைப்பட்ட வண்ணப் பட்டைகள் பிற்காலத்தில் ஐரோப்பாவில் பரவியவை.

கோடோக்கான் மாணவரான மயேடா 1914இல் பிரேசில் நாட்டை அடைந்தார். அவர் விதைத்த கலையே பிரேசிலிய ஜியு ஜிட்சுவாக வளர்ந்தது. அதில் பெரியவர்கள் வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்னும் வரிசையில் முன்னேறுவர். கறுப்புப் பட்டையை எட்டப் பெரும்பாலோர்க்குப் பத்தாண்டு அளவு தேவைப்படும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராகவும் கானோ நெடுங்காலம் தொண்டாற்றினார். 1909இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் முதல் ஆசிய உறுப்பினரானார். 1938ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், கெய்ரோ கூட்டத்திற்குச் சென்று திரும்பும் வழியில் கப்பலிலேயே உயிர் நீத்தார். 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ இடம்பெற்றதைக் காண அவர் இல்லை.

முதல் டானுக்குரிய ஜப்பானியச் சொல், தொடக்கப் படி என்றே பொருள்படும். கறுப்புப் பட்டை பெற்றவரும் கற்கத் தொடங்கியவரே என்பதை அப்பெயர் இன்றும் உணர்த்துகிறது.

சொற்பொருள்
மற்கலை – மற்போர்க் கலை
ஊறு – தீங்கு
உத்தி – செய்யும் முறை

சிந்தித்து எழுதுக
1. கானோ பயிற்சியைப் பல படிகளாக வகுத்தது ஏன்?
2. விழக் கற்பது தொடக்க மாணவர்க்கு ஏன் தேவை?