உருளும் குண்டுகளின் நாயகர்

தம்பி, தங்கைகளே! பழைய பேரிங்குகளைப் பலகையில் மாட்டி, ஸ்ரீரங்கத்துத் தெருவில் வண்டி விட்டிருக்கிறீர்களா? அது போடும் கடகட சத்தமே தனி! அந்த இரும்பு வளையத்துக்குள் பால்ரஸ் குண்டுகள் வரிசையாக ஓடுவதையும் பார்த்திருப்பீர்கள். அந்தக் குண்டுகளால் உலகப் புகழ் பெற்றவர்தான் ஸ்வென் விங்குவிஸ்ட்.

ஸ்வீடன் நாட்டில் 1876-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி பிறந்தார். நெசவுத் தொழில்நுட்பம் படித்தார். கோதன்பர்க் நகரில் ஒரு துணி ஆலையில் பொறியாளராகச் சேர்ந்தார். இயந்திரங்கள் நிற்காமல் ஓட வேண்டும். அதுதான் அவருடைய பொறுப்பு.

அப்போது ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனி மோட்டார் கிடையாது. கூரையை ஒட்டி நீண்ட இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து பட்டைகள் வழியாக எல்லா இயந்திரங்களும் ஓடும். கோதன்பர்க் நகரமோ களிமண் நிலத்தில் அமைந்தது. தரை மெல்ல இறங்கும், கட்டடம் அசையும், தண்டு கோணிக்கொள்ளும். உடனே பேரிங் சூடேறித் தேய்ந்து உடைந்து போகும். தறிகள் வரிசையாக நின்றுவிடும். புதிய பேரிங் வெளிநாட்டிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். எவ்வளவு நஷ்டம், பாருங்கள்!

விங்குவிஸ்ட் யோசித்தார். நிலத்தை மாற்ற முடியாது. தண்டு சாயும்போது பேரிங்கும் சேர்ந்து வளைந்து கொடுத்தால் என்ன?

1907-இல் விடை கிடைத்தது. இரண்டு வரிசைக் குண்டுகளை வைத்தார். வெளி வளையத்தின் உட்புறத்தை உருண்டைப் பானையின் உட்புறம்போல வளைவாக அமைத்தார். தண்டு சாய்ந்தால் உள் வளையமும் குண்டுகளும் அந்த வளைவிலேயே நகர்ந்து தாமே சரியாகிவிடும். அதே ஆண்டில் எஸ்.கே.எப். நிறுவனம் பிறந்தது. சாலையில் பார்க்கும் வால்வோ வண்டிகளும் இந்த நிறுவனத்தின் குழந்தைதான்! முதல் வால்வோ கார் 1927-இல் வெளிவந்தது. லத்தீன் மொழியில் 'வால்வோ' என்றால் 'நான் உருள்கிறேன்' என்று பொருள்.

1919-இல் அந்நிறுவனப் பொறியாளர் ஆர்விட் பால்ம்கிரென், குண்டுகளுக்குப் பதிலாகப் பீப்பாய் வடிவ உருளைகளை வைத்தார். நம் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனைக்கு வரும் ஐ.சி.எப். வகைப் பெட்டிகளின் சக்கர அச்சுகளைத் தாங்குவது இந்த வகைதான்.

வீட்டு மின்விசிறியிலும் தண்ணீர் மோட்டாரிலும் இருப்பது பெரும்பாலும் இன்னொரு வகை. அதில் குண்டுகள் ஓட ஆழமான பள்ளம் இருக்கும். இருபக்கமும் மெல்லிய தகட்டு மூடி இருந்தால் தூசி எளிதில் உள்ளே போகாது. கிரீசும் வெளியே வழியாது.

விங்குவிஸ்ட் 1953-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் தேதி காலமானார். களிமண்ணைக் குறை சொல்லிக்கொண்டு அவர் உட்கார்ந்துவிடவில்லை. அதற்கேற்ற வழியைத் தேடினார். அடுத்த முறை சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிடும்போது, உள்ளே சத்தமில்லாமல் உழைக்கும் குண்டுகளையும் அவரையும் நினைத்துக்கொள்வீர்கள்தானே?