தலை காத்த தகைமையாளர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று நம் முன்னோர் சொல்லிச் சென்றனர். பெரும் ஆபத்திலிருந்து ஒருவர் தப்பிவிட்டால், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நிம்மதிப் பெருமூச்சு விடுவதும் நம் வழக்கம். இந்தப் பழமொழியைக் காதால்கூடக் கேட்டிராத அயல்நாட்டு மருத்துவர் ஒருவர், இதை அறிவியல் முறையில் மெய்ப்பித்துக் காட்டினார். அவர்தாம் சர் ஹியூ கேர்ன்ஸ். மோட்டார் சைக்கிளில் செல்வோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற கருத்துக்கு அடித்தளம் இட்டவர் அவரே.

தலைக்கவசத்தைக் கண்டுபிடித்தவர் அவர் அல்லர். இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்கள் 1914-ஆம் ஆண்டிலேயே அதை அணிந்தார்கள். ஆனால், பந்தயத்துக்கு வேண்டியது பாதைக்கும் வேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. எண்ணியவர் கேர்ன்ஸ். எண்ணியதோடு நில்லாமல் எண்ணிக்கையைக் கொண்டு நிறுவியவரும் அவரே. ஒரு மருத்துவரின் வரலாற்றை இயற்பியல் மாணவன் எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அதற்கு விடை இக்கட்டுரையின் நடுவில் இருக்கிறது.

பிறப்பும் கல்வியும்

ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் உள்ள போர்ட் பிரீ என்ற துறைமுக ஊரில் 1896-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் கேர்ன்ஸ் பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய மரவேலைத் தொழிலாளி. ரிவர்டன் என்ற சிற்றூரில் வளர்ந்த அச்சிறுவனுக்குச் செல்வம் துணை நிற்கவில்லை. படிப்பே துணை நின்றது. உதவித்தொகை பெற்று அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். இந்த வரிகளைப் படித்தபோது நான் சற்று நின்று மீண்டும் படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். இம்மலரைப் படிக்கும் தோழர்களில் பலரும் அப்படித்தான். அதனால் இந்த மனிதர் எனக்குத் தொலைவில் உள்ளவராகத் தோன்றவில்லை.

முதல் உலகப்போர் மூண்டபோது அவர் படிப்பை இடையில் நிறுத்தி, மருத்துவப் படைப்பிரிவில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். 1915-இல் லெம்னோஸ் தீவில் இருந்த படை மருத்துவமனையில் பணியாற்றினார். பின்னர் ஊர் திரும்பி 1917-இல் பட்டம் பெற்றார். ரோட்ஸ் உதவித்தொகை அவரை இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு அழைத்துச் சென்றது. ஆங்கே படிப்பில் மட்டுமன்றிப் படகோட்டத்திலும் சிறந்து விளங்கினார். 1920-இல் கேம்பிரிட்ஜுக்கு எதிரான புகழ்பெற்ற படகுப் போட்டியில் ஆக்ஸ்ஃபோர்டு அணியில் துடுப்புப் போட்டார்.

அந்நாளில் மூளையில் கத்தி வைப்பது என்றால் பெரும் மருத்துவர்களே அஞ்சுவார்கள். அக்கலையில் அன்று உலகின் முதல்வராக விளங்கியவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருந்த ஹார்வி குஷிங். 1926-இல் கேர்ன்ஸ் அவரிடம் சென்று ஓராண்டு பயின்றார். திரும்பி வந்து லண்டன் மருத்துவமனையில் மூளை அறுவை மருத்துவத்துக்கு ஓர் இடம் உண்டாக்கினார். கைதேர்ந்தவர் என்ற பெயர் நாடெங்கும் பரவியது.

ஆறு நாள் போராட்டம்

அரேபியாவின் லாரன்ஸ் என்று உலகம் அறிந்த டி.இ.லாரன்ஸைப் பற்றி நண்பர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1962-இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம் அவருடைய விபத்தோடுதான் தொடங்குகிறது. பாலைவனத்தில் குண்டுமழைக்கு நடுவே உயிர் தப்பியவர் அவர். 1935 மே 13-ஆம் நாள், இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் உள்ள தம் குடிலுக்கு அருகே, பிரஃப் சுப்பீரியர் என்ற தம்முடைய அருமை மோட்டார் சைக்கிளில் வந்து கொண்டிருந்தார். எதிர்பாராமல் முன்னே தென்பட்ட இரு சைக்கிள் சிறுவர்கள் மீது மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பினார், தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. மண்டையில் பலத்த அடி.

அருகில் இருந்த படைமுகாம் மருத்துவமனையில் அவரைச் சேர்த்தார்கள். வரவழைக்கப்பட்ட மருத்துவர்களுள் கேர்ன்ஸும் ஒருவர். நாட்டின் மிகச் சிறந்த கைகள் அங்கே இருந்தன. இருந்தும் என்ன பயன்? ஆறு நாட்கள் நினைவு திரும்பாமலே கிடந்து, மே 19-ஆம் நாள் லாரன்ஸ் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 46.

உலகம் ஒரு வீரனுக்காக அழுதது. தலைவிதி என்று சொல்லிப் பலரும் கலைந்து போயிருப்பார்கள். கேர்ன்ஸ் அப்படிக் கலைந்து போகவில்லை. மூளை ஒருமுறை சிதைந்தபின் மருத்துவன் செய்யக்கூடியது மிகக் குறைவு என்பதை அவரைவிட அறிந்தவர் எவர்? அப்படியானால் அடி விழுந்தபின் என்ன செய்வது என்பதை மட்டும் கேட்டால் போதாது. அடி மூளையை எட்டாமல் தடுப்பது எப்படி என்றும் கேட்க வேண்டும். அறுவை அறையில் நிற்பவர் சாலையைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய பெருமை முழுவதும் அந்தத் திரும்பலில்தான் இருக்கிறது என்பேன்.

எண்கள் பேசின

1937-இல் கேர்ன்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் அறுவை மருத்துவப் பேராசிரியரானார். அப்பதவிக்கு நஃபீல்டு பேராசிரியர் என்று பெயர். நஃபீல்டு பிரபு யார் தெரியுமா? மாரிஸ் மோட்டார் கார்களை உற்பத்தி செய்த பெருஞ்செல்வர். அவர் 1936-இல் வழங்கிய கொடையில் உருவான பதவி அது. கார் விற்ற பணம், சாலையில் உடையும் மண்டைகளை ஆராய உதவியது!

1939-இல் இரண்டாம் உலகப்போர் வந்தது. விமானத் தாக்குதலுக்கு அஞ்சி இங்கிலாந்தின் தெருக்களில் விளக்குகளை அணைத்தார்கள். அந்த இருட்டில் படைச் செய்திகளைச் சுமந்துகொண்டு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் விரைந்தார்கள். பகைவனின் குண்டுக்கு முன்பே சாலை அவர்களைப் பலி கொண்டது. 1941 அக்டோபரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கேர்ன்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். போரின் முதல் 21 மாதங்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவரும் பின்னால் அமர்ந்தவருமாக 2279 பேர் சாலை விபத்தில் மாண்டனர் என்று அதில் எடுத்துக்காட்டினார். சாவுக்கு முதன்மையான காரணம் தலைக்காயமே.

கவசம் அணிந்திருந்தும் விபத்துக்குள்ளானவர்கள் எத்தனை பேரை அவர் கண்டார்? ஏழே ஏழு பேரை! ஏழு பேரும் பிழைத்தார்கள். ஆய்வகக் குறிப்பேடு எழுதும் நாம் இந்த ஏழைக் கவனிக்க வேண்டும். பெரிய பதவியில் இருப்பவர் தம் சொல்லின் கனத்தை வைத்தே நாட்டை நம்பச் செய்திருக்கலாம். அவரோ ஏழை ஏழு என்றே எழுதினார். சிறு சான்றைச் சிறு சான்றாகவே வைத்து, மேலும் ஆராய வேண்டிய தேவையைக் காட்டினார். அடுத்த மாதமே, அதாவது 1941 நவம்பரில், பணியில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் படைவீரர் அனைவரும் கவசம் அணிய வேண்டும் என்று பிரிட்டிஷ் இராணுவம் ஆணை பிறப்பித்தது.

இயற்பியல் செய்த உதவி

கேர்ன்ஸ் தம் துறையில் ஓர் இயற்பியலாளரையும் சேர்த்துக்கொண்டார். ஹோல்பர்ன் என்பது அவர் பெயர். மண்டை ஓட்டின் வடிவில் அச்சுச் செய்து, அதில் மூளைக்குப் பதிலாக ஜெலாட்டினை நிரப்பி, அசைவு ஏற்படும்போது எங்கே திரிபு உண்டாகிறது என்று ஹோல்பர்ன் ஆராய்ந்தார். 1943-இல் அவர் வெளியிட்ட முடிவு வியப்பானது. தலை சட்டென்று சுழற்றப்படும்போது, மண்டை உடையாமலே மூளை உள்ளே கிழிபடும்.

இதை நம் வீட்டுப் பொருளைக் கொண்டே விளக்கலாம். உறைந்த தயிர் உள்ள தூக்குச் சட்டியைப் படக்கென்று திருகிப் பாருங்கள். சட்டியில் ஒரு நெளிவும் இராது. உள்ளே தயிர் உடைந்திருக்கும். சட்டி திரும்பிய வேகத்தில் தயிர் திரும்பவில்லை. நிலைமம் என்று நாம் பாடத்தில் படிப்பது இதுதான்.

கவசம் செய்யும் வேலையையும் ஒரு சிறு கணக்கால் அறியலாம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 8.3 மீட்டர். மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு மாடி உயரத்திலிருந்து, விழுந்தால் தரையைத் தொடும் வேகம் அது. அந்த வேகத்தில் வரும் தலை அரைச் சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், அதன் எதிர் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 700 மடங்கு ஆகிறது. மூன்று சென்டிமீட்டர் தூரத்தில் மெல்ல நின்றால் 120 மடங்குக்குள் அடங்கிவிடுகிறது. வேகம் அதே வேகம்தான். தலையும் அதே தலைதான். நிற்கும் தூரம் ஆறு மடங்கு கூடியதால் தாக்கம் ஆறில் ஒன்றாயிற்று. கவசம் நமக்குத் தருவது அந்த இரண்டரைச் சென்டிமீட்டர் தூரமே! இன்றைய ஹெல்மெட்டின் உட்புறம் உள்ள தெர்மக்கோல் போன்ற படலம் நசுங்கி அதைத் தருகிறது. நசுங்குவதே அதன் கடமை. ஆகவே ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே பளபளப்பாக இருந்தாலும், மறுபடி அணியலாகாது.

கேர்ன்ஸும் ஹோல்பர்னும் சேர்ந்து 1943-இல் கவசங்களைப் பற்றி மீண்டும் எழுதினார்கள். 1946-இல் கேர்ன்ஸ் 1939 முதல் 1945 வரையிலான சாவுக் கணக்கை மாதம் மாதமாக வரிசைப்படுத்தி வெளியிட்டார். கவச ஆணைக்குப் பின் சாவு குறைந்து வந்ததை அது தெளிவாகக் காட்டியது. போர்க்காலத்தில் பெட்ரோல் கட்டுப்பாடும் இருந்தது. எண் குறைவதற்கு ஒரே காரணம்தான் என்று சொல்லிவிட இயலாது. ஆயினும் நோயாளிகள், ஆய்வகம், புள்ளிவிவரம் என்ற மூன்றும் ஒரே திசையைக் காட்டியபின் ஐயத்துக்கு இடம் எங்கே?

போரும் பணியும்

போர் நடந்த ஆண்டுகளில் ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஹியூஸ் கல்லூரி தலைக்காயப் படைவீரர்களுக்கான மருத்துவமனையாக மாறியது. ஏறத்தாழ 13,000 பேர் அங்கே சிகிச்சை பெற்றனர். போர்முனைக்கே வண்டிகளில் செல்லும் மூளை அறுவைக் குழுக்களையும் கேர்ன்ஸ் ஏற்படுத்தினார். 1943-இல் அடிலெய்டில் பயின்ற இன்னொரு மேதையான ஹவர்டு ஃப்ளோரியுடன் வட ஆப்பிரிக்கா சென்று, காயமுற்ற வீரர்களுக்குப் பெனிசிலின் எவ்வாறு பயன்படுகிறது என்று ஆராய்ந்தார்.

போர் முடிந்தபின் 1945 டிசம்பரில் மீண்டும் ஓர் அழைப்பு வந்தது. அமெரிக்கப் படைத்தலைவர் பேட்டன், ஜெர்மனியில் மான்ஹைம் அருகே காரின் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றபோது, கார் இராணுவ லாரி ஒன்றுடன் மோதியது. வேகம் குறைவுதான், ஆனால் பேட்டனின் தலை முன்னே மோதிக் கழுத்தெலும்பு முறிந்தது. கேர்ன்ஸ் விமானத்தில் ஹைடல்பர்க் சென்று அவரைப் பார்த்தார். இம்முறையும் கைத்திறன் போதவில்லை. டிசம்பர் 21-ஆம் நாள் பேட்டன் மறைந்தார். பத்தாண்டு இடைவெளியில் பெரும் வீரர் இருவர். இருவரையும் கொன்றது போர்க்களம் அன்று; சாலை. ஒருவரிடம் தலைக்கவசம் இல்லை. மற்றவரிடம் இருக்கைப் பட்டை இல்லை.

மறைவும் மாறாப் புகழும்

1946-இல் கேர்ன்ஸுக்குச் சர் பட்டம் கிடைத்தது. 1952 ஜூலை 18-ஆம் நாள், 56-ஆம் வயதில், புற்றுநோயால் அவர் ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார். பொதுமக்களுக்குக் கவசம் கட்டாயம் என்ற சட்டத்தை அவர் கண்ணால் காணவில்லை. அது பிரிட்டனில் 1973 ஜூன் மாதத்தில்தான் வந்தது. அவருடைய முதல் கட்டுரைக்கும் அச்சட்டத்துக்கும் இடையே 32 ஆண்டுகள்! உண்மை கண்டறியப்படுவது ஒரு நாளில் நடந்துவிடலாம். அது ஊர் வழக்கமாவதற்கு ஒரு தலைமுறை வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு, ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் கவசம் அணிய வேண்டும் என்கிறது. சென்னை உயர் நீதிமன்ற ஆணையை ஒட்டி, 2015 ஜூலை 1 முதல் தமிழகத்தில் அது கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டது. சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் நம் கல்லூரி வாகன நிறுத்தத்தைப் பாருங்கள். வண்டியின் கைப்பிடியில் தொங்கி வரும் கவசங்கள் எத்தனை! காவலரைக் கண்டதும் தலைக்கு ஏறி, அடுத்த திருப்பத்தில் கைக்கு இறங்கும் கவசங்கள் எத்தனை! காவலரிடமிருந்து காக்கவா கேர்ன்ஸ் அதற்காக உழைத்தார்?

கத்தியால் காப்பாற்றிய மருத்துவரின் கையைப் பிழைத்தவர் பற்றிக்கொண்டு நன்றி சொல்வார். கவசத்தால் காப்பாற்றப்பட்டவரோ, தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். அவருக்குக் கேர்ன்ஸ் என்ற பெயரே தெரியாது. தெரிய வேண்டும் என்று கேர்ன்ஸும் எதிர்பார்க்கவில்லை. நன்றி பெறாத நன்மையே நன்மைகளுள் உயர்ந்தது.

நண்பர்களே! நம்மில் பலரைப் படிக்க வைக்க வீட்டில் எத்தனையோ பேர் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி உழைக்கிறார்கள். அந்த உழைப்பு முழுவதும் இப்போது நம் தலைக்குள்தான் இருக்கிறது. தலையெழுத்து என்று ஒன்று இருந்தாலும் இருக்கட்டும். அதை எழுதும் உரிமையைத் தார்ச்சாலைக்குக் கொடுத்துவிட வேண்டாம். தலைக்கு வருவது தலைப்பாகையோடு போக வேண்டுமானால், முதலில் தலையில் தலைப்பாகை இருக்க வேண்டும்!

வாழ்க சர் ஹியூ கேர்ன்ஸின் புகழ்!