பழி சுமந்த விஞ்ஞானி வால்டெமர் ஹாஃப்கின்



நம்ம விருதுநகர், சாத்தூர் பக்கம் பாட்டிமார்களுக்குக் கோபம் வந்தா ஒரு வசவு வாயிலிருந்து வரும். பேதியில போவ என்று திட்டுவார்கள். கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் அது சிரிக்கிற வார்த்தை இல்லை. வாந்திபேதி என்கிற காலரா ஒரு ஊருக்குள் நுழைந்தால் வீட்டுக்கு ஒருவரைத் தூக்கிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தின் மிச்சம்தான் அந்த வசவு.

அந்தக் காலராவுக்கும், அதற்குப் பின்னால் வந்த பிளேக் என்ற கொள்ளை நோய்க்கும் தடுப்பூசி கண்டுபிடித்து, அதை நம் நாட்டு மக்களுக்கே முதலில் கொண்டு வந்து சேர்த்த மனிதர் ஒருவர் உண்டு. அவர் ஆங்கிலேயர் அல்ல. டாக்டர் பட்டம் பெற்ற வைத்தியரும் அல்ல. ரஷ்யப் பேரரசில் பிறந்த ஒரு யூதர். பெயர் வால்டெமர் ஹாஃப்கின். மும்பையில் அவர் பெயரில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனாலும் அவர் பட்ட பாடு நம்மில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பிறப்பும் படிப்பும்

1860-ஆம் ஆண்டு கருங்கடல் ஓரத்தில் உள்ள ஒடெசா நகரில் ஹாஃப்கின் பிறந்தார். இன்று அது உக்ரைன் நாட்டில் இருக்கிறது. பள்ளிப் படிப்பு பெர்டியான்ஸ்க் என்ற ஊரில். பிறகு ஒடெசா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் இலியா மெச்னிகோவ். பின்னாளில் 1908-ல் நோபல் பரிசு வாங்கிய மேதை அவர்.

அன்றைய ரஷ்யாவில் யூதர்களின் நிலைமை என்ன தெரியுமா? நினைத்த ஊரில் குடியிருக்க முடியாது. பேரரசின் மேற்கு ஓரத்தில் குறிப்பிட்ட மாகாணங்களில்தான் பெரும்பாலோர் வாழலாம். நினைத்த வேலைக்குப் போக முடியாது. 1887-ல் பல்கலைக்கழகங்களில் யூத மாணவர் இத்தனை சதவீதத்துக்கு மேல் சேரக் கூடாது என்று வரம்பே போட்டுவிட்டார்கள். நண்பர்களே, நம்ம நாட்டு இட ஒதுக்கீடு, காலங்காலமாகச் சாத்திக் கிடந்த கதவைத் திறந்துவிடுகிற ஏற்பாடு. எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த எனக்கு அதன் அருமை தெரியும். ஆனால் ரஷ்யாவில் போட்ட அந்தக் கணக்கோ, திறந்திருந்த கதவைச் சாத்துவதற்குப் போட்ட கணக்கு!

1881-ல் ரஷ்ய மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் வெடிகுண்டு வீசிக் கொல்லப்பட்டார். பழியை யூதர்கள் மேல் திருப்பிவிட்டார்கள். ஊர் ஊராக யூதர் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. ஒடெசாவிலும் கலவரம். அப்போது ஹாஃப்கினுக்கு வயது 21. தன் மக்களைக் காப்பாற்ற இளைஞர்கள் அமைத்த தற்காப்புப் படையில் அவரும் சேர்ந்தார். அடி வாங்கிக் காயப்பட்டார். கைதும் ஆனார். ஆசிரியர் மெச்னிகோவ்தான் தலையிட்டு வெளியே கொண்டு வந்தார்.

படிப்பு முடிந்தது. நல்ல ஆராய்ச்சியாளர் என்று பெயரும் வாங்கியாச்சு. பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பதவி கிடைக்க வேண்டியதுதானே? கிடைக்கும், ஆனால் ஒரு நிபந்தனை. யூத மதத்தை விட்டுவிட்டு ரஷ்ய கிறிஸ்தவ மதத்துக்கு மாறிவிட வேண்டும்! அப்படி மாறிப் பதவி வாங்கியவர்கள் அந்தக் காலத்தில் உண்டு. ஹாஃப்கின் மாறவில்லை. இத்தனைக்கும் அன்று அவர் பெரிய பக்திமான் ஒன்றும் கிடையாது. ஆனாலும் பிறந்த அடையாளத்தை விலையாகக் கொடுத்து வேலை வாங்க அவர் மனம் ஒப்பவில்லை. ஒடெசா விலங்கியல் அருங்காட்சியகத்தில் ஒரு சின்ன வேலையோடு பல வருடம் காலம் தள்ளினார்.

நம்ம பக்கமும் இது முழுக்கப் புதுசு இல்லை, நண்பர்களே. பேர் கேட்பார்கள், ஊர் கேட்பார்கள், அடுத்து எந்தத் தெரு என்று கேட்பார்கள். தெருவைக் கேட்பது எதற்கு என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும்.

தன் உடம்பிலேயே சோதனை

1888-ல் ஹாஃப்கின் நாட்டை விட்டு ஜெனீவா போனார். அடுத்த வருடம் பாரிஸ் நகரில் புகழ்பெற்ற பாஸ்டர் நிலையத்தில் சேர்ந்தார். அங்கே கிடைத்த முதல் வேலை ஆராய்ச்சியாளர் வேலை அல்ல, நூலகர் வேலை! அதைப் பார்த்துக்கொண்டே காலராக் கிருமியை ஆராய்ந்தார். 1892 ஜூலை 18 அன்று, தான் தயாரித்த காலராத் தடுப்பு மருந்தை முதலில் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். காய்ச்சல் வந்தது, வலித்தது, பிழைத்தார்.

மருந்தைப் பெரிய அளவில் சோதிக்க வேண்டும். இந்தியாவில் வைஸ்ராயாக இருந்துவிட்டு, பாரிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த டஃபரின் பிரபு வழிகாட்ட, 1893-ல் ஹாஃப்கின் கல்கத்தா வந்து இறங்கினார். ரஷ்யாக்காரர் என்பதால் அரசாங்கத்துக்குச் சந்தேகம். வைத்தியம் படிக்காதவர் என்பதால் டாக்டர்களுக்கு இளக்காரம். வெள்ளைக்காரன் ஊசி என்பதால் மக்களுக்குப் பயம். கல்கத்தாக் குடிசைப் பகுதியில் கல்லெறியும் நடந்தது. ஜனங்கள் கண் முன்னாலேயே தனக்கு ஊசி போட்டுக் காட்டித்தான் நம்பிக்கையைச் சம்பாதித்தார்கள் அவரும் அவர் கூட இருந்தவர்களும். 1895 வரை சுமார் 42,000 பேருக்குக் காலரா ஊசி போட்டார். கட்டாயப்படுத்தி ஒருவருக்கும் போடவில்லை. இடையில் மலேரியா வந்து படுத்து, இங்கிலாந்து போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு மறுபடியும் வந்தார்.

1896-ல் பம்பாயில் பிளேக். வீடு வீடாகச் சாவு. ஜனங்கள் ஊரைக் காலி செய்து ஓடினார்கள். பூனாவில் பிளேக் தடுப்பு என்று வீடு புகுந்து சிப்பாய்கள் செய்த கெடுபிடியால்தான் 1897-ல் அதிகாரி ரேண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள் என்பது சரித்திரப் பாடத்தில் படித்ததுதான். அந்த நேரத்தில் ஹாஃப்கினுக்குக் கிடைத்தது கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு அறை, ஒரு தாழ்வாரம், ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்கள். அவ்வளவுதான் லேப்! இறைச்சிச் சாறில் கிருமியை வளர்த்து, சூடாக்கிக் கொன்று, அதையே மருந்தாக்கினார். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி இரண்டையும் தவிர்த்து ஆட்டிறைச்சியில் சாறு எடுத்தார். கிருமி மேலே பிடித்து வளர நெய் சொட்டுகளை மிதக்கவிட்டார். இந்து, முஸ்லிம் இருவர் மனமும் கோணாமல் மருந்து செய்யத் தெரிந்தது அந்த யூதருக்கு!

மூன்று மாத உழைப்பு. 1897 ஜனவரி 10 அன்று மறுபடியும் தன் உடம்பிலேயே முதல் ஊசி. பிறகு பைகுல்லா சிறையில் முன்வந்த கைதிகளுக்குப் போட்டார்கள். ஊசி போடாதவர்களை விடப் போட்டுக்கொண்டவர்களிடம் நோய் மிகக் குறைவாக வந்தது. ஆகா கான் தானே முன்வந்து ஊசி போட்டுக்கொண்டு தன் சமூகத்தாரையும் போட வைத்தார். 1899-ல் பரேலில் இருந்த பழைய கவர்னர் மாளிகையே பிளேக் ஆய்வகமாக மாறியது. 39 வயதில் ஹாஃப்கின் புகழின் உச்சியில் இருந்தார்.

முல்கோவால் விபத்து

இங்கேதான் நண்பர்களே, டிப்ளமோ படிக்கிற நாம் கவனமாகப் படிக்க வேண்டிய இடம்.

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமம். அன்று 107 பேருக்கு பிளேக் ஊசி போட்டார்கள். அதில் 19 பேர் சில நாட்களில் டெட்டனஸ் என்ற ரண ஜன்னி கண்டு துடிதுடித்து இறந்து போனார்கள். பத்தொன்பது உயிர்! அந்த 19 பேருக்கும் மருந்து எடுத்தது ஒரே பாட்டிலில் இருந்து. பாட்டில் எண் 53-என். மற்ற பாட்டில்களில் இருந்து போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த பாட்டிலுக்குள் கிருமி எங்கே புகுந்தது? பரேல் ஆய்வகத்தில் அடைக்கும்போதா? அல்லது கிராமத்தில் திறக்கும்போதா? இதுதான் கேள்வி. பாட்டில் அடைத்து 41 நாள் ஆகியிருந்தது. அத்தனை நாளும் டெட்டனஸ் கிருமி உள்ளே வளர்ந்திருந்தால் மருந்து நாற்றம் அடித்திருக்க வேண்டும். திறந்தபோது அப்படி ஒரு நாற்றமும் இல்லை. இன்னொன்று, பாட்டிலைத் திறக்கும் நேரத்தில் உதவியாளர் கையில் இருந்த இடுக்கி மண்ணில் விழுந்தது. டெட்டனஸ் கிருமி இருக்கும் இடமே மண்தான். விழுந்த இடுக்கியை நெருப்பில் காட்டிச் சுத்தம் செய்யாமல், கார்பாலிக் தண்ணீரில் ஒரு அலசு அலசிவிட்டு அதனாலேயே தக்கையை எடுத்தார்கள்.

இதெல்லாம் சாட்சியத்தில் இருந்தும், விசாரணைக் குழு அதற்கு உரிய இடம் தரவில்லை. ஆய்வகத்திலேயே கெட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்குப் போனது. ஹாஃப்கின் மருந்து செய்யும் முறையில், கார்பாலிக் சேர்ப்பதை விட்டுச் சூட்டை மட்டும் நம்பும் மாற்றம் செய்திருந்தார். அதைப் பிடித்துக்கொண்டார்கள். பதவி போனது, சம்பளம் போனது, பேரும் போனது. நாலைந்து வருடம் லண்டனில் நியாயம் கேட்டு அலைந்தார்.

அவர் யூதர் என்று அந்த அறிக்கையில் எழுதியிருந்ததா என்றால், இல்லை. ஆனால் வெளிநாட்டுக்காரர், டாக்டர் அல்லாதவர், யூதர் என்ற மூன்றும் சேர்ந்த ஒருவர் மேல் பழியைப் போடுவது எத்தனை சுலபம் என்பதை அன்றே சிலர் பார்த்தார்கள். இதை ஒரு சின்ன டிரைஃபஸ் வழக்கு என்றார்கள். டிரைஃபஸ் யார் என்றால், பிரெஞ்சு ராணுவத்தில் கேப்டனாக இருந்த யூதர். செய்யாத துரோகத்துக்காக 1894-ல் தண்டிக்கப்பட்டுத் தீவுச் சிறைக்குப் போய், 1906-ல்தான் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார்.

ஹாஃப்கினுக்குக் கை கொடுத்தவர் ரொனால்டு ராஸ். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று செகந்திராபாத்தில் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கியவர். 1907 ஜூலையில் ராஸும் மற்ற விஞ்ஞானிகளும், மொத்தம் பத்துப் பேர், லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, ஆதாரங்களை வரிசையாக வைத்து, ஹாஃப்கின் மேல் தப்பு இல்லை என்று நிறுவினார்கள். அந்த வருடமே அரசு அவரை மறுபடி வேலைக்கு அழைத்தது.

ஆனால் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. பரேல் இல்லை, கல்கத்தா. அங்கே வசதி குறைவு. புது மருந்தை மனிதரிடம் சோதிக்க அனுமதியும் இல்லை. 55 வயதை ஒட்டி ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பிவிட்டார். ஒருவரைக் குற்றமற்றவர் என்று சொல்ல ஒரு காகிதம் போதும். போன வருடங்களைத் திருப்பித் தர எந்தக் காகிதமும் இல்லை.

கடைசிக் காலம்

கடைசிக் காலத்தில் யூத சமய ஒழுக்கத்தை முன்னைவிட உறுதியாகப் பிடித்துக்கொண்டார். 1916-ல் அதை ஆதரித்து எழுதினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சேர்த்த சொத்தைக் கிழக்கு ஐரோப்பாவில் ஏழை யூத மாணவர்கள் படிக்கும் சமயப் பள்ளிகளுக்காக அறக்கட்டளை ஆக்கினார். 1930 அக்டோபர் 26 அன்று சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் காலமானார்.

அவர் கண்ணை மூடி மூன்றாவது வருடம் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அடுத்த பன்னிரண்டு வருடங்களில் ஐரோப்பாவில் சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அவர் பிறந்த ஒடெசாவிலும் 1941-ல் ஆயிரக்கணக்கான யூதர்களைச் சுட்டும் எரித்தும் கொன்றார்கள். 21 வயதில் அவர் தெருவில் நின்று தடுக்கப் பார்த்த அதே வெறுப்பு, அறுபது வருடத்தில் அரசாங்கக் காரியமாகவே வளர்ந்துவிட்டது.

நம் நாட்டின் கதை வேறு. கொச்சியிலும் கொங்கணக் கரையிலும் யூதர்கள் பல நூறு ஆண்டுகள் ஊரோடு ஊராக வாழ்ந்தார்கள். 1925-ல் பம்பாய் பிளேக் ஆய்வகத்துக்கு ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் வைத்தார்கள். 1897-லிருந்து அதுவரை அங்கிருந்து போன பிளேக் மருந்து சுமார் 2 கோடியே 60 லட்சம் ஊசிகளுக்கு உரியது. 1964-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலையும் வெளியிட்டது.

நமக்கு என்ன பாடம்?

நாம இருக்கிற பூமி பட்டாசு பூமி. மருந்துக் கலவை அறையில் இரும்புக் கருவி கூடாது, உராய்வு கூடாது, கூட்டம் கூடாது என்று விதிகள் இருக்கின்றன. அப்படியும் விபத்து நடக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் இறந்ததை நம்ம மாவட்டம் மறக்காது. விபத்து நடந்த மறுநாள் டீக்கடையில் என்ன பேச்சு ஓடும்? எந்த ஊரு ஆளு, வடக்கத்தி ஆளா, எந்த சாதிக்காரன் கம்பெனி, கலவை போட்டவன் யாரு... இப்படித்தான். இறந்து போனவன் மேலேயே கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டால் வேலை சுலபம். அவன் வந்து பதில் சொல்லப் போவதில்லை.

நாளைக்கு நம்மில் பலர் சூப்பர்வைசர் ஆவோம், போர்மேன் ஆவோம். நம்ம கையெழுத்தில் ஒரு விபத்து அறிக்கை போகும். அன்றைக்கு 53-என் பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்தில், எந்தக் கருவியில், எந்த விதி மீறியதில் நடந்தது என்று முதலில் பார்ப்போம். இடுக்கி மண்ணில் விழுந்ததா என்று கேட்போம். ஆள் யார், எந்த மதம், எந்தத் தெரு என்று தேடிப் போகிற அறிக்கை தப்பான ஆளைத் தண்டிக்கும். தப்பு நடந்த இடம் அப்படியே இருக்கும், அடுத்த பத்தொன்பது பேருக்காகக் காத்துக்கொண்டு!

வேலைக்காகத் தன் அடையாளத்தை விற்காத, பழி சொன்ன நாட்டுக்கே திரும்பி வந்து வேலை செய்த அந்த மனிதரின் பெயரை ஹாஃப்கின் என்று ஒரு தடவை நோட்டில் எழுதி வைத்துக்கொள்வோம், நண்பர்களே.



— மூன்றாம் ஆண்டு, டிப்ளமோ கெமிக்கல்