யாத்திரிகர் யுவான் சுவாங்

மதங்கள் உலகிற் பரவிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மன்னர்களையே முன்னிறுத்துவர். அசோகர் அனுப்பிய தூதர்களும், கான்ஸ்டன்டைன் பிறப்பித்த கட்டளைகளும், கலீபாக்களின் சேனைகளும் நூல்களில் நிறைந்த இடம் பெறுகின்றன. ஆயின், அரசாங்கத்தின் தடையை மீறிப் புறப்பட்ட ஒரு தனி மனிதர், வாளின் துணையின்றி ஒரு மதத்தின் ஞானச் செல்வத்தை இமயத்துக்கு அப்பால் கொண்டு சேர்த்தார் என்பதை நாம் மறத்தலாகாது. அவரே சீன தேசத்துத் துறவி யுவான் சுவாங்.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லோயாங் நகரை அடுத்ததோர் ஊரில், கல்விமான்கள் குடும்பத்தில் அவர் பிறந்தார். தமையனாரைப் பின்பற்றி இளமையிலேயே பௌத்த மடத்தை அடைந்தார். 618-ல் ஸூயி வம்சம் வீழ்ந்து தாங் வம்சம் எழுந்த குழப்ப காலத்தில், ஊர் ஊராகச் சென்று ஆசிரியர்களிடம் பாடங் கேட்டார். பௌத்தம் சீனாவிற் புகுந்து 500 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தும், மொழிபெயர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. சித்தத்தின் இயல்பு யாது, புத்தநிலை எல்லோர்க்கும் கைகூடுவதா என்ற அடிப்படை வினாக்களுக்கும் ஆசிரியர் ஆளுக்கொரு விடை பகர்ந்தனர். மூல நூல்களைப் பாரத தேசத்துக்கே சென்று கற்பதன்றி வேறு வழியில்லை என்று அவர் முடிவு செய்தார்.

எல்லை கடக்கலாகாதென்பது அக்காலத்துச் சீன அரசாங்கத்தின் ஆணை. அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. முப்பது வயது நிரம்பாத யுவான் சுவாங், ஏறக்குறைய 629-ல், அனுமதியின்றியே புறப்பட்டார். பாலைவனத்தில் நீர்ப்பை கைதவறி விழுந்து, நான்கு பகல் ஒரு துளி நீருமின்றி வருந்தினார். ஆயினும் திரும்பிச் செல்ல ஒருப்படவில்லை. துர்பான் அரசன் அவரைத் தன் நாட்டிலேயே குருவாக இருத்த விரும்பித் தடுத்தபோது, உண்ணா நோன்பிருந்து அவ்வரசனது பிடிவாதத்தை வென்றார். உபசாரமும் ஒரு வகைச் சிறையே என்பதை அவர் அறிந்திருந்தார்.

பனிமலைகளையும், சாமர்கந்து, பாமியான் முதலிய பிரதேசங்களையும் கடந்து காச்மீரம் வந்து, பின் நாலந்தாவை அடைந்தார். அங்கே முதுபெருங் கிழவரான சீலபத்திரரிடம் யோகாசார சாஸ்திரத்தைக் கற்றார். சீலபத்திரரின் ஆசிரியர் தருமபாலர், நமது காஞ்சிமாநகரிற் பிறந்தவர். யுவான் சுவாங் பல்லவர் தலைநகரான அக்காஞ்சிக்கும் வந்தார். அங்கிருந்து இலங்கை செல்ல எண்ணியவர், அந்நாட்டில் அரசன் இறந்து பஞ்சமும் நேர்ந்ததைத் தப்பிவந்த பிக்ஷுக்கள் கூறக் கேட்டு, அவ்வெண்ணத்தைக் கைவிட்டார்.

ஹர்ஷவர்த்தனர் கன்னோசியிற் கூட்டிய மகாசபையில் அவருக்குப் பெருஞ்சிறப்புச் செய்தார். நாலந்தாவின் பிக்ஷுக்களும் அவரை அங்கேயே தங்குமாறு வேண்டினர். கற்றதைத் தம் நாட்டார்க்கு அளிக்க வேண்டுமென்று அவர் விடைபெற்றார். வழியில் சிந்து நதியைக் கடக்கையில் சில ஏடுகள் வெள்ளத்திற் போயின.

கோத்தானை அடைந்ததும் அவர் செய்த காரியம் நம் கவனத்துக்குரியது. அனுமதியின்றிச் சென்ற தம் குற்றத்தை மறைக்காமல், சக்கரவர்த்தி தைஸுங்குக்குத் தாமே எழுதி அறிவித்தார். தடையை மீறுவோர் பலர். மீறியதை ஒளியாது ஒப்புக்கொண்டு, விளைவை ஏற்கச் சித்தமாயிருப்போர் சிலரே. மன்னிப்பும் வரவேற்பும் கிடைத்தன. 645-ல் 657 நூல்களோடு அவர் சாங்கான் நகரிற் புகுந்தபோது ஜனங்கள் திரண்டு வந்து கண்டனர்.

எந்த அரசாங்கம் அவரைத் தடுத்ததோ, அதுவே இப்பொழுது அவருக்கு உயர்ந்த உத்தியோகம் அளிக்க முன்வந்தது. காவியைக் களைந்து மந்திரியாகுமாறு சக்கரவர்த்தி பின்னும் ஒரு முறை வேண்டினார். யுவான் சுவாங் இரு முறையும் மறுத்தார். அரசரை அவமதித்தாரல்லர், 646-ல் தாம் கண்ட நாடுகளின் விவரங்களை நூலாக்கி அளித்தார், மொழிபெயர்ப்புக்கு அரசாங்க உதவியையும் ஏற்றார். தம்மை மட்டும் விலைக்குக் கொடுக்கவில்லை.

எஞ்சிய 19 ஆண்டுகளும் மொழிபெயர்ப்பிலேயே கழிந்தன. 75 நூல்கள், 1,300-க்கு மேற்பட்ட சுருள்கள் நிறைவேறின. மகா பிரக்ஞாபாரமிதையைச் சுருக்கிவிடுமாறு சீடர்கள் வேண்டியும், 600 சுருள்களாக முழுமையும் மொழிபெயர்த்து 663-ல் முடித்தார். 664-ல் காலமானார்.

அவரிடம் பாடங் கேட்ட தோஷோ என்னும் ஜப்பானியத் துறவி அக்கொள்கையைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். நாரா நகரத்துக் கோயில்கள் சிலவற்றில் அந்நெறி இன்றும் நிலவுகிறது. காஞ்சியிற் பிறந்தவரின் கருத்து நாலந்தா வழியாகச் சீனாவுக்கும், அங்கிருந்து ஜப்பானுக்கும் சென்றமை எந்தப் படையும் சாதியாத வெற்றியாகும். பாரதம் தன் பௌத்த ஸ்தலங்களை மறந்திருந்த காலத்தில், 19-ம் நூற்றாண்டில் கன்னிங்ஹாம் நாலந்தாவை அடையாளங் கண்டதும் இந்த யாத்திரிகரின் குறிப்புகளைக் கொண்டே.

பொதுப்பணியில் இறங்குவோர்க்குத் தடை வரும். அதைத் தாண்டும் துணிவு பலருக்கு உண்டு. அதன் பின் பதவி வரும். தொடங்கிய வேலையை நினைந்து அதை மறுக்கும் உறுதி வெகு சிலர்க்கே வாய்க்கிறது. யுவான் சுவாங்கைப் பெரியவராக்கியது பாலைவனத்தைக் கடந்த துணிவினும், அரண்மனை வாயிலில் நின்று திரும்பிய அவ்வுறுதியே என்பது நமது துணிபு.